அனாதை மேசையில் ஒரு ராஜா

ராஜாவின் தலையைக் காணவில்லை.

கால்கள் இரண்டையும் காணவில்லை. சிவப்பு வெல்வெட் அங்கியையும் காணவில்லை. தட்டில் மிச்சமிருந்தது கிரீடமும் உடம்பும் மட்டும். உடம்பு இரண்டு கைகளையும் விரித்து, 'என்னைக் கேட்டால் எனக்கென்ன தெரியும்' என்கிற தோரணையில் மல்லாந்து கிடந்தது.

மாப்பிள்ளை வேன் சாவியை விரலில் மாட்டியபடி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். போய்த் திரும்பக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வாசலில் ஒரு தண்ணீர் லாரி வந்து விடாமல் ஹாரன் அடித்தது. வழியை மறித்திருந்தது இவன் வேன்தான். எடுத்து ஓரமாக விடலாம் என்று போனால் தெரு ஒருவழிப் பாதை. முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டியதாயிற்று. ஓடும் அவசரத்தில் கையிலிருந்த தட்டைக் கண்ணில் பட்ட முதல் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அந்தக் கலைக்கூடத்தில் மேசைகளுக்குப் பஞ்சமில்லை. அவன் வைத்தது அனாதை மேசையில்.

கலைக்கூடம் முன்பு ஒரு பிஸ்கட் கம்பெனி. மழை பெய்தால் சுவர்களிலிருந்து இன்றைக்கும் லேசாக வெண்ணெய் வாசனை வரும். கீழே நாடகக் கூடமும் பொம்மலாட்ட அறையும். மேலே ஓவியம், தையல், மேளம் என்று ஆளுக்கொரு அறை. நடுவில் நீளமான நடை. அந்த நடையில் ஆளாளுக்கு எதையாவது போட்டுவிட்டுப் போக, மற்றவர்கள் தடுக்கி விழ, ஒருநாள் பொறுமை இழந்த ஒருத்தி ஒரு மேசையை இழுத்து வந்து போட்டாள். மேலே ஒரு பலகையை மாட்டித் தன் கையாலேயே எழுதினாள்:

'வைத்தது போனது. எடுத்தது எடுத்ததுதான். யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அழுவதானால் வாசலுக்கு வெளியே.'

அதிலிருந்து அந்த மேசையில் உட்காரும் எந்தப் பொருளும் அனாதை. அதை வைத்து எதையாவது செய்யத் தெரிந்தவர் தூக்கிக்கொண்டு போகலாம். வெட்டலாம், ஒட்டலாம், சாயம் அடிக்கலாம். போலீஸே வந்தாலும் பலகையைக் காட்டினால் போதும் என்று அங்கே எல்லோரும் மனதார நம்பினார்கள்.

பலகை எழுதியவள் பொம்மலாட்டக்காரி. கலைக்கூடம் முழுக்க அவளுக்குப் பெயர் 'அக்கா'. அவளைக் கட்டிக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குள் வந்ததால் இவன் எல்லோருக்கும் 'மாப்பிள்ளை'. வாசல் மேசையில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கும் அவள் தம்பிக்கு மட்டும் 'மாமா'.

மாப்பிள்ளை வேலை என்றால் பெயருக்கேற்ற சொகுசு வேலை இல்லை. வேன் ஓட்டுவான். பெட்டி தூக்குவான். திரை இழுப்பான். அவனுடைய ஆசை வேறு. நூலைப் பிடித்து ஒரு பொம்மையை, ஏதாவது ஒரு பொம்மையை, ஒரே ஒரு தடவை மேடையில் நடத்திவிட வேண்டும். மனைவி கடைக்குப் போகிற நேரத்தில், துணி மாட்டும் ஹேங்கரில் நூலைக் கட்டி அதில் ஒரு சாக்ஸைத் தொங்கவிட்டு, சமையலறை முழுக்க நடத்திப் பழகிக்கொண்டிருந்தான். சாக்ஸுக்குக் குரல்கூட வைத்திருந்தான். மூக்கிலிருந்து வரும் அதிகாரக் குரல்.

அவளுக்கு இது தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை குழந்தைகளுக்கான காட்சி. டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. காலையில் அவளுக்குப் பல் வலி பொறுக்க முடியாமல் போக, டாக்டரிடம் கிளம்பினாள். கிளம்பும்போது ராஜாவைக் கையில் கொடுத்தாள். முழங்கால் உயரம், மர உடம்பு, ஒவ்வோர் உறுப்பும் சின்னக் கொக்கியில் மாட்டியது. நடந்தால் வலது முட்டி கீச்சென்று கத்துகிறது.

"ஒரு சொட்டு எண்ணெய். ஒரே ஒரு சொட்டு. வேற எதையும் தொடாதீங்க" என்றாள். படியிறங்கிவிட்டுத் திரும்பி, "இத ஒழுங்கா செஞ்சீங்கன்னா, சாயங்காலம் கரடி உங்க கையில" என்றாள்.

கரடி மேடைக்கு ஒரே தடவைதான் வரும். உறுமும், போய்விடும். அதனால் என்ன? கரடி கரடிதான்.

அந்த சந்தோஷத்தில்தான் கை துறுதுறுத்தது. முட்டிக்கு எண்ணெய் விடப்போகிறோம், கால்களைக் கழற்றித் துடைத்துவிட்டே விடலாமே. தலையைக் கழற்றினால் கழுத்துக் கொக்கியையும் இறுக்கலாமே. அங்கியில் தூசி. அதையும் உதறி வைத்தால் அக்கா அசந்துபோவாளே. எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் வைத்து எண்ணெய் எடுக்கப் புறப்பட்டபோதுதான் லாரி ஹாரன் அடித்தது.

மச்சான் வாசல் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"மாமா, அந்தத் தட்டு நீங்க வச்சதா? நான்கூட அக்கா எதையோ கழிச்சுக் கட்டிட்டாங்கன்னு நெனச்சேன்."

யார் எடுத்தார்கள் என்று மாப்பிள்ளை கேட்டான். டிக்கெட்டைப் பார்ப்பதா, தட்டைப் பார்ப்பதா என்று அவன் திருப்பிக் கேட்டான். பிறகு, அக்கா எப்போது வருவாள் என்று விசாரித்தான். பல் டாக்டரிடம் இருக்கிறாள், மூன்று மணிக்குள் வந்துவிடுவாள் என்றதும் மச்சான் கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப உங்க பல்லையும் பத்திரமா பாத்துக்குங்க மாமா."

மாடியிலிருந்து சத்தம் கேட்டது. தும், தும், டக். தும், தும், டக்.

அது வழக்கமான மேளக் குச்சியின் சத்தம் இல்லை.

மாப்பிள்ளை இரண்டிரண்டு படியாகத் தாவினான்.

மேள அறையில் 'டமாரம்' உட்கார்ந்திருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஆள் பீரோ மாதிரி. தலையில் ஒரு முடி கிடையாது. இரண்டு கைகளிலும் ராஜாவின் கால்கள். பூட்ஸ் பக்கத்தால் அடித்தால் தும், தொடைப் பக்கத்தால் அடித்தால் டக். கண்ணை மூடி ரசித்து வாசித்துக்கொண்டிருந்தார்.

அது ராஜாவின் கால் என்று மாப்பிள்ளை மூச்சு வாங்கச் சொன்னான். தெரியுமே என்றார் அவர், அடிப்பதை நிறுத்தாமல். பூட்ஸ் போட்டிருக்கிறதே, பார்த்தால் தெரியாதா? மாலைக் காட்சிக்கு வேண்டும் என்றான். பலகையைப் படித்தாயா என்றார்.

பிறகு குச்சிகளை, அதாவது கால்களை, மடியில் வைத்துக்கொண்டு தன் மொட்டைத் தலையைத் தடவினார். அவருக்கு ஒரு கம்பளித் தொப்பி இருந்தது. பழுப்பு நிறம், காது வரை இழுத்து விடலாம். ஒரு பனிக்காலத்தில் மூக்கைச் சிந்துவதற்காக அதைக் கழற்றி அந்த மேசையில் வைத்தார். சிந்தி முடித்துத் திரும்பினால் தொப்பி இல்லை. மறுவாரம் மேடையில் ஒரு கரடி உறுமியது.

"போயி கேட்டேன். ஒம் பொண்டாட்டி என்ன சொன்னா தெரியுமா? பலகையைக் காட்டினா. நான் வாசலுக்கு வெளிய போயி நின்னு அழுதேன்யா."

தொப்பி வந்தால் கால் வரும். அதுதான் அவர் சொன்ன கணக்கு.

மாப்பிள்ளை கீழே வந்து பொம்மை அலமாரியைத் திறந்து கரடியை எடுத்தான். அவனுடைய கரடி. சாயங்காலம் அவன் கையில் நடக்க வேண்டிய கரடி. இரண்டு பட்டன் கண்களும் அவனையே நம்பிப் பார்த்தன. ராஜா இல்லாமல் காட்சியே இல்லை, கரடி இல்லாவிட்டால் ஓர் உறுமல்தானே குறையும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, காதுகளைப் பிரித்து, உள்ளே இருந்த பஞ்சை உருவி எடுத்தான். கரடி ஒரு தொப்பியானது.

கால்கள் வந்தன.

வெல்வெட் எங்கே போயிருக்கும் என்பதற்குப் பெரிய துப்பறியும் மூளை தேவையில்லை. துணி என்றால் தையல் அறை. உள்ளே டீச்சர் பழைய தையல் மெஷினைக் கடகடவென்று ஓட்டிக்கொண்டிருந்தார். ரயில் பாலத்தின் மேல் போகிற சத்தம். நூறு துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை. அதன் வலது மூலையில், புதிதாக, சிவப்பாக, ராஜாவின் அங்கி.

டீச்சர் அந்தக் கட்டடத்திலேயே இனிமையானவர். மறுக்கும்போதுகூடச் சிரித்த முகமாகத்தான் மறுப்பார். உட்காருங்க தம்பி என்றார். வேர்த்திருக்கிறதே, தண்ணீர் குடிக்கிறீர்களா என்றார். அங்கியைப் பிரிக்க முடியுமா என்று கேட்டதும், முடியாதே என்றார் அதே சிரிப்போடு.

மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த ஜரிகை போட்ட பட்டு ஸ்கார்ஃப் அவரிடம் இருந்தது. ஒருநாள் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது. குனிந்து மாட்டிக்கொள்வதற்காக ஸ்கார்ஃபைக் கழற்றி அந்த மேசையில் வைத்தார். அவ்வளவுதான்.

"அடுத்த வாரம் நாடகம் பாக்க வந்தேன். ராணி என் ஸ்கார்ஃபைச் சுத்திக்கிட்டு வந்து நிக்கறா. நானும் எல்லாரோடயும் சேந்து கை தட்டினேன் தம்பி. அவளுக்கு அது அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதான் இன்னும் எரிச்சல்."

மாப்பிள்ளை கணக்குப் போட்டான். ராணி என்ன பெரிதாகச் செய்கிறாள்? ஜன்னலில் நின்று கவலைப்படுகிறாள். அதைத் திரைக்குப் பின்னாலிருந்தே குரலாகக் கொடுத்துவிடலாம்.

கீழே போய் ஸ்கார்ஃபை உருவினான். ராணி ஒரு குச்சியும் ஒரு மர உருண்டையுமாக நின்றாள். கவலை மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது.

டீச்சர் சொன்ன சொல் காப்பாற்றினார். அங்கியைப் பிரித்து, கிழியாமல் எடுத்து, இஸ்திரியும் போட்டுக் கொடுத்தார்.

இனி தலை.

ஓவிய அறைக் கதவு சாத்தியிருந்தது. மெல்லத் திறந்தான். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு ஸ்டூல். அதன் மேல் ஒரு நீலக் கண்ணாடிப் பாட்டில், இரண்டு வெங்காயம், அவற்றின் மேல் கன்னத்தைச் சாய்த்தபடி ராஜாவின் தலை. கிரீடம் இல்லாமல் பார்க்கும்போது பரீட்சையில் தோற்றவர் மாதிரி இருந்தார்.

வாத்தியார் உதட்டில் விரலை வைத்தார். குச்சி மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். யார் சொல்லியும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். முனிசிபாலிட்டி கமிஷனரையே "வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க" என்று சொன்னவர் என்று பேச்சு உண்டு.

மாப்பிள்ளை காதோடு காதாக விஷயத்தைச் சொன்னான். வாத்தியார் காதோடு காதாகவே பதில் சொன்னார். தலையை நகர்த்தினால் நிழல் நகரும். நிழல் நகர்ந்தால் எட்டுப் பேரின் காலை வேலையும் குப்பை. வகுப்பு முடியும் வரை அது ராஜாவின் தலை அல்ல, ஒரு வடிவம். முடிந்த பிறகும் சும்மா வராது.

"என் குடை" என்றார்.

அந்த மேசையில் வைத்துப் பறிபோன அவர் குடைதான் நாடகத்தில் வரும் கழுகு. கறுப்புக் குடை. அதன் முனையில் ஒரு அலகை மாட்டி, நூலை இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். சிறகடிப்பது அப்படியே தத்ரூபமாக இருக்கும். குழந்தைகள் அலறுவார்கள். அந்த அலறல் கேட்கும் ஒவ்வொரு தடவையும் மாடியில் வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார் என்பது மாப்பிள்ளைக்கு இப்போதுதான் தெரிந்தது. வேறு குடை வாங்கவில்லையாம். கொள்கை.

கழுகு போய் குடை வந்தது. ஆனாலும் வகுப்பு முடியவில்லை. மாப்பிள்ளை சுவரோரமாக நின்றான். வெங்காயத்தின் மேலிருந்து ராஜா அவனையே பார்த்தார். மூலையில் ஒரு பெரியம்மா வெங்காயத்தை அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறை அவர் ரப்பரை எடுக்கும்போதும் மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தான். மணி மூன்றைத் தாண்டியது. அக்கா வரவில்லை. ஒரு வழியாக வாத்தியார் கைதட்டி வகுப்பை முடித்து, தலையை எடுத்து, அதில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலை ஊதிவிட்டு நீட்டினார்.

கால், தலை, அங்கி, கிரீடம். ஒவ்வொரு கொக்கியாக மாட்டினான். ராஜா எழுந்து நின்றார். முன்பைவிடப் பளபளப்பாக நின்றார். மாப்பிள்ளைக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு விம்மியது.

பிறகு அலமாரியைப் பார்த்தான்.

ஒரு கூடைப் பஞ்சு. ஒரு குச்சி, ஓர் உருண்டை. ஒரு அலகு.

தனித்தனியாகப் பார்த்தபோது ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தெரிந்தது. மொத்தமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ராஜா இருக்கிறார், ராஜ்யம் இல்லை என்பது. காட்சிக்கு இன்னும் அரை மணிதான். கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தமும், குழந்தைகளின் கூச்சலும் கேட்கத் தொடங்கிவிட்டன.

கதவு திறந்தது.

அக்கா நின்றாள். இடது கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. ஒரு பல்லுக்குப் போனவளை உட்காரவைத்து டாக்டர் இரண்டு பல்லைப் பிடுங்கிவிட்டார் என்று பின்னாலிருந்து மச்சான் சொன்னான். வாய் பாதி மரத்துப்போயிருக்கிறது, பேச்சு வர ராத்திரி ஆகுமாம்.

அவள் ராஜாவைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

அவன் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினான். எண்ணெய், லாரி, மேசை, தொப்பி, ஸ்கார்ஃப், குடை. நடுவில் ஏதாவது சொல்லி நிறுத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். வெந்நீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனைத் திட்ட நினைத்து முடியாமல் போனது அதுதான் முதல் தடவை. அது திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

சட்டென்று திரும்பி வெளியே போய்விட்டாள். மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

அவ்வளவுதான் என்று மாப்பிள்ளை நினைத்தான். கரடி போனது. நூல் போனது. இனி சாக்ஸையும் பிடுங்கிவிடுவாள்.

அவள் திரும்பி வந்தபோது தனியாக வரவில்லை. பின்னாலேயே டமாரம், தையல் டீச்சர், வாத்தியார் மூன்று பேரும் வந்தார்கள். தலையில் தொப்பி, கழுத்தில் ஸ்கார்ஃப், கையில் குடை. மேலே என்ன நடந்தது என்று பிற்பாடு மச்சான்தான் சொன்னான். அவள் ஒவ்வோர் அறை வாசலிலும் போய் நின்று, அவரவர் பொருளைச் சுட்டிக்காட்டினாளாம். பிறகு கையை நீட்டினாளாம். பிடுங்குகிற மாதிரி இல்லை, உள்ளங்கையை மேலே காட்டி.

"அவ கேட்டாய்யா" என்றார் டமாரம், தன்னாலேயே நம்ப முடியாதவர் போல. "இத்தன வருஷத்துல இவ கேட்டு நான் பாத்ததில்ல. எப்படி முடியாதுங்கறது?" ஆனால் தொப்பியை மட்டும் கழற்றித் தர முடியாது, வேண்டுமானால் தலையோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். மற்ற இரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள். ஒருமுறை சூடு கண்டவர்கள்.

அக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஊசி எடுத்துக் கரடிக் காதுகளை டமாரத்தின் தொப்பியில் குத்தினாள். டீச்சரின் ஸ்கார்ஃபை அவிழ்த்து ராணி மாதிரி சுற்றிவிட்டாள். வாத்தியார் கையிலிருந்த குடையின் முனையில் அலகை மாட்டினாள். வாத்தியார் ஏதோ சொல்ல வந்தார். அவள் அந்தக் கன்னத்தோடு நிமிர்ந்து பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

கடைசியாக மாப்பிள்ளையிடம் வந்தாள். தன் வீங்கிய கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். எல்லாப் பொம்மைகளுக்கும் குரல் அவள்தான். இன்றைக்குக் குரல் இல்லை. ராஜாவின் நூல் கட்டிய கட்டையை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"கரடின்னுதானே சொன்ன?" என்றான் அவன்.

அவள் ஒரு கையில் ஹேங்கர் பிடிப்பது போலவும், கீழே ஏதோ தொங்கி நடப்பது போலவும் செய்து காட்டினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டாள். சாக்ஸின் குரலுக்கு.

மாப்பிள்ளைக்குக் காது வரை சிவந்தது.

திரையை இழுத்துத் திறந்துவிட்டு ஓடிப்போய் மேடைக்குப் பின்னாலுள்ள உயரப் பலகையில் ஏறினான். விளக்கு எரிந்தது. ராஜா நடந்தார்.

கீச்.

எண்ணெய். காலையிலிருந்து இத்தனை அமளி பண்ணியும் அந்த ஒரு சொட்டு எண்ணெயை விட மறந்துவிட்டான்.

கீச், கீச். முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜா அரியணையின் முன் வந்து நின்றார். ராணி வரவேண்டிய நேரம். தையல் டீச்சர் ஜரிகை மின்ன மேடைக்கு வந்தார். ராஜாவின் கிரீடம் அவருடைய முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

கூடம் அப்படியே அமைதியானது. குழந்தைகள் ராணியை அண்ணாந்து பார்த்தார்கள். ராஜாவைக் குனிந்து பார்த்தார்கள். அந்த அமைதியில் ஒரு பொடிக்குரல் தெளிவாகக் கேட்டது.

"ராஜா ஏன் இத்துனூண்டு இருக்காரு?"

மாப்பிள்ளைக்கு வசனம் எல்லாம் மறந்தது. ராஜா வாளைக் கேட்க வேண்டும், வேட்டைக்குப் போக வேண்டும். ஒரு சொல்கூட நினைவில் இல்லை. கீழே மேடையோரம் அக்கா நின்றாள். அவளாலும் சொல்லிக்கொடுக்க முடியாது. கை நடுங்கியது. ராஜாவும் நடுங்கினார். பார்ப்பவர்களுக்கு ராஜாவுக்குக் கோபம் வருவது போல இருந்தது.

அப்படியா, கோபமே இருக்கட்டும் என்று மாப்பிள்ளை மூக்கால் இழுத்தான்.

"இந்த நாட்டுல என்னை விட உசரமா யாரும் இருக்கக் கூடாது. இது உத்தரவு."

டீச்சர் யோசிக்கவே இல்லை. தொபுக்கென்று முழந்தாளிட்டார். அப்படியும் உயரமாக இருந்ததால் இன்னும் குனிந்தார். ராஜா கீச், கீச் என்று அவரைச் சுற்றி வந்து அளந்து பார்த்துவிட்டு, "இன்னும்" என்றார். கூடம் வெடித்தது.

கழுகு வந்தது. வாத்தியார் குடையை விரித்துக்கொண்டு நெடுநெடுவென்று நுழைந்தார். உத்தரவு அவர் காதில் விழுந்திருக்கவில்லை. குழந்தைகள் பதறிப்போனார்கள். உட்காருங்க, உட்காருங்க, ராஜா பாக்கறாரு என்று ஒரே கூச்சல். கமிஷனர் சொல்லியே கேட்காத மனிதர் குழந்தைகளைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார், குடையைச் சுருக்கிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பிறகு கரடி. டமாரம் உட்கார்ந்தாலும் உயரம், படுத்தாலும் உயரம். குப்புறப் படுத்து வயிற்றை எக்கினார். ராஜா இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார். முட்டி கத்தியது. கரடிக்கு முன்னால் ஓர் அரசாங்கமே செய்வதறியாது திகைத்து நின்றது. குழந்தைகளே வழி சொன்னார்கள். மேல ஏறுங்க ராஜா, மேல ஏறுங்க. ராணி முழந்தாளிலேயே நகர்ந்து வந்து ராஜாவைத் தூக்கிக் கரடியின் முதுகில் வைத்தாள்.

இப்போது மேடையில் ராஜாதான் உயரம். அவர் நாலா பக்கமும் பார்த்தார். மெதுவாக, மூக்கால் சொன்னார்:

"சரி, எல்லாரும் எந்திரிங்க. கரடி மட்டும் எந்திரிக்காத."

மாப்பிள்ளை கீழே ஓரக்கண்ணால் பார்த்தான். அக்கா வாயைக் கையால் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள், எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தான். அவள் கையை எடுத்தபோதுதான் தெரிந்தது, முகத்தின் பாதி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதி மரத்துப்போய்ச் சும்மா இருந்தது.

காட்சி முடிந்தது. ராஜா குனிந்து வணங்கினார். கைதட்டல். திரை மூட வேண்டும். மூடவில்லை.

ராஜா இன்னொரு தடவை வணங்கினார். கீச். திரை அசையவில்லை. அப்போதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது. திரை இழுக்கிறவன் மேலே நூலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். விளக்குப் பக்கம் நின்ற மச்சானுக்குச் சைகை காட்டினான். அது என் வேலையில்லை என்று அவன் பதிலுக்குச் சைகை காட்டினான். ராஜா மூன்றாவது தடவை வணங்கினார். கரடி படுத்த இடத்திலிருந்து, முதுகு வலிக்கிறது, யாராவது மூடுங்கள் என்று முனகியது. சிரிப்பு கூரையைத் தொட்டது.

அக்கா ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள். இழுத்தாள். திரை பாதியில் சிக்கி நின்றது. அது எப்போதும் அங்கேதான் சிக்கும். அவளுக்குத் தெரியாது. தொங்கி இழுத்துப் பார்த்தாள். அவள் அண்ணாந்து பார்த்த பார்வையில், இதையா தினம் இழுக்கிறீர்கள் என்ற கேள்வி இருந்தது.

"இடுப்பால ஒரு இடி இடி" என்று மாப்பிள்ளை மேலேயிருந்து ரகசியமாகச் சொன்னான்.

இடித்தாள். திரை மூடியது.

எல்லோரும் போன பிறகு மாப்பிள்ளை எண்ணெய் டப்பாவைத் தேடி எடுத்து வந்தான். டமாரம் காதுகளைக் கழற்ற மறந்து அதே தொப்பியோடு வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். வாத்தியார் மழையே இல்லாத தெருவில் குடையை விரித்துக்கொண்டு போனார். அடுத்த வாரமும் வரவேண்டுமா என்று டீச்சர் மட்டும் இனிமையாகக் கேட்டுவிட்டுப் போனார். ஸ்கார்ஃப் கழுத்திலேயே இருந்தது.

அக்கா ராஜாவை மடியில் கிடத்தி வலது முட்டியை மடக்கிப் பார்த்தாள். கீச். நீட்டினாள். கீச்.

தன் தப்புதான், இதோ இப்போதே விட்டுவிடுகிறேன் என்று மாப்பிள்ளை டப்பாவைத் திறந்தான். அவள் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மூடியைத் திருகினாள். அன்று முழுவதற்கும் முதல் முறையாக, பாதி உதட்டால், கொழகொழவென்று பேசினாள்.

"முட்டி... அப்படியே... இருக்கட்டும்."

எழுந்து நடைக்குப் போய், டப்பாவை அனாதை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் டப்பா அங்கே இல்லை. மாடியில் தையல் மெஷின் சத்தமே இல்லாமல் ஓடியது. யாரும் யாரையும் கேட்கவில்லை.